பழைய இன்னோவா, புது இன்டர்கூலர்: மேட்டில் ஏற்றிப் பார்த்த விமர்சனம்

இந்தியாவில் 2005 முதல் 2016 வரை விற்பனையான முதல் தலைமுறை இன்னோவாவின் டீசல் என்ஜினில் டர்போ உண்டு, காமன்ரெயில் உண்டு. இன்டர்கூலர் மட்டும் கிடையாது. டொயோட்டா '2கேடி' என்று பெயர் வைத்திருக்கும் இந்த என்ஜினின் கொள்ளளவு 2,494 சி.சி. சக்தி 102 குதிரைத்திறன், இழுவிசை 200 நியூட்டன் மீட்டர். காலி வண்டியே 1,600 கிலோவுக்கு மேல். அதில் ஏழு பேர் ஏறி, கூரையில் பெட்டிகளைக் கட்டி, ஏ.சி.யையும் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் மேடு ஏறினால், மூன்றாவது கியரில் வண்டி மெல்ல மெல்லத் துவண்டு போவதை இன்னோவா ஓட்டிய எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். ஏறத் தொடங்கும்போது இருந்த இழுப்பு பாதி மலையில் இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்க முடியுமா என்று பார்ப்பதற்காகவே என்னுடைய 2009 மாடல் வண்டியில் தனியாக ஓர் இன்டர்கூலரையும் அதற்கான குழாய்களையும் கோவைப் பட்டறை ஒன்றில் செய்து பொருத்தினேன்.

முதலில் இது எதற்கு என்ற கணக்கைப் பார்த்துவிடலாம். காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெளியே 35 டிகிரி வெயில், டர்போ 0.8 பார் அழுத்தம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். டர்போவின் செயல்திறன் 70 சதவீதம் என்றால், அதிலிருந்து வெளியேறும் காற்று சுமார் 115 டிகிரியில் இருக்கும். சூடான காற்று விரிந்து கிடக்கும். அதே கொள்ளளவில் ஆக்சிஜன் குறைவு. அந்தக் காற்றை என்ஜினுக்குள் நுழையும் முன் 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி சுமார் 16 சதவீதம் கூடும். ஆனால் இன்டர்கூலருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் காற்று நுழைந்து வெளிவருவதில் கொஞ்சம் அழுத்தம் தொலைந்து போகும். 0.1 பார் தொலைந்தால் அந்த 16 சதவீத லாபம் 10 சதவீதமாகச் சுருங்கிவிடும். மோசமான கோரும் (இன்டர்கூலரின் குளிர்விக்கும் பகுதி) கண்டபடி வளைந்த குழாயும் போட்டால் மிச்சமும் போய்விடும். இந்த வேலையில் கோர் எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். குழாய் வேலைதான் லாபத்தைக் காப்பாற்றும் இடம் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இதே 2கேடி என்ஜின் ஃபார்ச்சூனரிலும் ஹைலக்ஸிலும் இன்டர்கூலரோடு வந்தபோது 144 குதிரைத்திறனும் 343 நியூட்டன் மீட்டரும் தந்தது. அதைக் காட்டி, 'இன்டர்கூலர் போட்டால் இன்னோவா ஃபார்ச்சூனர் ஆகிவிடும்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். அந்த என்ஜினில் டர்போவே வேறு. வேகத்துக்கேற்ப இறக்கைகள் திறந்து மூடும் வி.என்.டி. வகை. எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் ஈ.சி.யு. கணக்கும் வேறு. டீசல் என்ஜினில் எவ்வளவு சக்தி வரும் என்பதை நிர்ணயிப்பது உள்ளே பீய்ச்சப்படும் டீசலின் அளவு. காற்றை மட்டும் கூட்டி டீசலைக் கூட்டாவிட்டால் குதிரைத்திறன் பெரிதாக எகிறாது. அதே டீசல் இன்னும் முழுமையாக எரியும், கரும்புகை குறையும், எக்ஸாஸ்ட் வெப்பம் இறங்கும், சூடேறிய பிறகும் இழுப்பு தளராது. எனக்கு வேண்டியிருந்தது இவைதான்.

பொருள்களைத் தேடும்போது இரண்டு வழி இருந்தது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் வேறு கார்களிலிருந்து கழற்றிய இன்டர்கூலர்கள் மலிவாகக் கிடைக்கும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. டர்போ உடைந்த வண்டியிலிருந்து வந்த கோராக இருந்தால், உள்ளே அலுமினியத் துகளும் பழைய எண்ணெயும் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு கழுவினாலும் மூலைகளில் கொஞ்சம் தங்கிவிடும். அது நேரே சிலிண்டருக்குள் போகும். அதனால் புதுக் கோர்தான். 550 மில்லிமீட்டர் அகலம், 180 உயரம், 65 தடிமன். தகடுகளை அடுக்கிப் பட்டைகளால் இணைத்த 'பார் அண்ட் பிளேட்' வகை. டியூப் வகையைவிட எடை அதிகம். ஆனால் கனமான அலுமினியம் நிறைய சூட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சின்னக் கல் பட்டாலும் ஓட்டை விழாது. திடீரென்று அழுத்திப் பிறகு தளர்த்தும் நம் ஊர் ஓட்டத்துக்கு இது பொருத்தம்.

எங்கே வைப்பது? கிரில்லுக்குப் பின்னால் ஏ.சி. கன்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர். முழு உயரத்துக்கும் ஒரு பெரிய கோரை அவற்றின் முன்னால் நிறுத்தினால் அவை இரண்டும் மூச்சு முட்டும். பம்பரின் கீழ்ப்புறத் திறப்பில் 180 மில்லிமீட்டர் உயரக் கோர் உட்காரும். கன்டென்சரின் அடிப்பகுதியை மட்டுமே மறைக்கும். இதற்கு இடைஞ்சலாக இருந்தது பம்பருக்குள் இருக்கும் இரும்பு பீம். பட்டறைக்காரர் அளவெடுத்துவிட்டுச் சொன்னார்: "பீமுல ஒரு துண்டு வெட்டுனா வேலை சுலபமுங்க. ஆனா நான் வெட்ட மாட்டேனுங்க. நாளைக்கு எங்கியாச்சும் முட்டுச்சுன்னா உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் அடி." இப்படிச் சொல்லும் பட்டறை கிடைத்தால் அங்கேயே வேலையைக் கொடுங்கள். கோரைச் சற்றுக் கீழே இறக்கி, அதன் எண்டு டேங்குகளின் வாயைச் சாய்த்து மறுபடி ஆர்கான் வெல்டிங் செய்து, பீமைத் தொடாமலே இடம் கண்டுபிடித்தார்.

குழாய் அளவில் பட்டறைக்குப் பட்டறை வாதம் நடக்கிறது. 3 இஞ்ச் குழாய் போட்டால் காற்று தாராளமாகப் போகும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த என்ஜின் 3,600 சுற்றில் ஓடும்போது நொடிக்கு இழுக்கும் காற்று ஏறக்குறைய 65 லிட்டர். 2 இஞ்ச் குழாயில் அது நொடிக்குச் சுமார் 32 மீட்டர் வேகத்தில் போகும். 100 மீட்டரைத் தாண்டினால்தான் உராய்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பது இத்துறையில் புழங்கும் கணக்கு. ஆக 2 இஞ்சே தாராளம். அதற்கு மேல் பெரிதாக்கினால் டர்போ நிரப்ப வேண்டிய வெற்றிடம்தான் கூடும். ஆக்சிலேட்டரை மிதித்ததற்கும் இழுப்பு வருவதற்கும் இடையே தாமதம் வளரும். டர்போவிலிருந்து கோர் வரை 2 இஞ்ச், கோரிலிருந்து இன்டேக் வரை இரண்டேகால் இஞ்ச் என்று முடிவு செய்தோம். இரண்டும் அலுமினியம், ஆலையில் வளைத்து வரும் பென்டுகள். சாதாரண வளைப்பில் உள்பக்கம் சுருங்கி மடிந்துவிடும். இவற்றில் வளைவிலும் விட்டம் மாறாது. மைல்டு ஸ்டீலில் செய்தால் பாதிச் செலவில் முடியும். ஆனால் உட்புறத் துரு பெயர்ந்து காற்றோடு போகும் என்பதால் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி இணைப்புகள். பெரும்பாலான கஸ்டம் வேலைகள் தோற்பது இங்கேதான். என்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும். கோரோ பாடியோடு கெட்டியாக நிற்கும். நடுவில் உள்ள குழாய் இரண்டையும் இறுக்கிப் பிடித்தால் கொஞ்ச நாளில் வெல்டிங் விரியும். எனவே என்ஜின் பக்கம் வரும் ஒவ்வொரு முனையிலும், நடுவில் உப்பிய ஹம்ப் ஹோஸ் போட்டோம். கோரின் கால்களுக்கு ரப்பர் புஷ் வைத்தோம். ஹோஸ் எல்லாம் நான்கு அடுக்கு சிலிகான். டர்போ பக்கத்து ஹோஸில் மட்டும் உள்பூச்சு ஃப்ளோரோசிலிகானாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். என்ஜினின் பிரீதர் வழியாக வரும் எண்ணெய் ஆவி அந்தப் பக்கம் சூடாகப் போகும். வெறும் சிலிகான் அதில் ஊறி உப்பித் தளர்ந்துவிடும். குழாய் முனைகளில் பீடு உருட்டி மேடு எழுப்பாமல் ஹோஸை மாட்டினால் எந்த கிளாம்ப் போட்டாலும் ஒருநாள் கழன்றுவிடும். ஸ்குரூ கிளாம்ப் வேண்டாம். டி-போல்ட் கிளாம்ப்தான் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு சோதனை உண்டு. டர்போவின் காற்று உள்ளே போகும் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் ஒரு டயர் வால்வைப் பொருத்தி, கம்பிரஸரில் 1 பார் காற்று ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். எங்கள் வேலையில் ஒரு வெல்டிங்கில் ஊசிமுனை அளவு குமிழி வந்தது. அங்கேயே கழற்றி அடைத்தார்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் சாவியைக் கொடுக்கும் பட்டறையாக இருந்தால், கேட்டுச் செய்ய வையுங்கள். காற்று கசிந்தால் டர்போ தேவைக்கு அதிகமாகச் சுழன்று ஆயுளைக் குறைத்துக்கொள்ளும், புகையும் கூடும். எதற்காகச் செலவு செய்தோமோ அதற்கு நேர்மாறான பலன்.

கோரைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடு வைத்துக் காற்று பக்கவாட்டில் தப்பாமல் அடைத்தோம். சின்ன வேலை, பெரிய பலன். காற்றுக்கு எளிய வழி இருந்தால் அது கோருக்குள் நுழையவே நுழையாது.

ஓட்டிப் பார்த்த கதைக்கு வருவோம். இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு வெப்ப சென்ஸாரும் பூஸ்ட் கேஜும் வேலைக்கு முன்பே பொருத்தி, பழைய நிலையின் அளவுகளை எடுத்து வைத்திருந்தேன். சேலத்திலிருந்து தர்மபுரி போகும் வழியில் தொப்பூர் கணவாய் ஏற்றம். முழுச் சுமை, ஏ.சி., வெளியே 37 டிகிரி. முன்பு இந்த ஏற்றத்தில் மேனிஃபோல்டுக் காற்று 105 டிகிரியைத் தாண்டி 110-ஐத் தொட்டது. இப்போது 60-ஐ ஒட்டியே நின்றது. பூஸ்ட் கேஜில் 0.05 பார் அளவு குறைந்து தெரிந்தது. கோரும் குழாயும் எடுத்துக்கொண்ட கூலி அது. ஓட்டும்போது என்ன மாற்றம்? ஏற்றத்தின் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. பாதி ஏறிய பிறகுதான் தெரிகிறது. முன்பு நான்காவது கியரிலிருந்து மூன்றுக்கு இறக்க வேண்டியிருந்த இடத்தில் இப்போது நான்கிலேயே லாரிகளைக் கடந்து போக முடிகிறது. கண்ணாடியில் பின்னால் தெரியும் கரும்புகை அநேகமாக இல்லை.

கொல்லிமலை வேறு வகைத் தேர்வு. காரவள்ளியில் அடிவாரம் தாண்டியதும் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்து போகும். முன்னால் வைத்த இன்டர்கூலருக்கு எதிர்க்காற்றே கிடைக்காத நிலை. கீழ் வளைவுகளில் 55 டிகிரியில் இருந்த காற்று, மேலே போகப் போக 65 வரை ஏறியது. இன்டர்கூலர் இல்லாத காலத்தில் இதே வழியில் 90-க்கு மேல் பார்த்திருக்கிறேன். ஆகவே குறைந்த வேகத்திலும் அது வேலை செய்கிறது. கனமான கோர் தேர்வு செய்ததன் பயன் இங்கே விளங்கியது. இடையில் சற்று நீளமான நேர்ப்பாதை வந்தால் உடனே நாலைந்து டிகிரி இறங்குகிறது. தண்ணீர் வெப்பமுள் நடுவைவிட்டு அசையவில்லை.

ஆனால் கொல்லிமலையில்தான் இதன் விலையும் புரிந்தது. கொண்டை ஊசி திரும்பி வெளியே வரும்போது என்ஜின் 1,300, 1,400 சுற்றில் இருக்கும். அங்கே மிதித்தால், டர்போ இப்போது கூடுதலாகச் சில லிட்டர் இடத்தையும் நிரப்பிவிட்டுத்தான் என்ஜினுக்குக் காற்றைத் தள்ள வேண்டும். பழைய வண்டியைவிடக் கால் நொடி, சில சமயம் அரை நொடி தாமதம். நேர்ப்பாதையில் இதைக் கவனிக்கவே மாட்டீர்கள். செங்குத்தான வளைவில், எதிரே பேருந்து வரும்போது அந்த அரை நொடி தெரியும். நான் இப்போது வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கிக்கொள்கிறேன். 3 இஞ்ச் குழாய் போட்டவர்களின் வண்டியில் இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நகரத்தில் லாபம் எதுவும் இல்லை என்றே சொல்வேன். காந்திபுரம் சிக்னல்களில் டர்போ பெரிதாக வேலையே செய்யாது. குளிர்விக்க ஒன்றும் இல்லை. கன்டென்சரின் கீழ்ப்பகுதி மறைபட்டதால் நிற்கும்போது ஏ.சி. குளிர்ச்சி ஓரிரு டிகிரி குறைகிறது. ஓடத் தொடங்கினால் சரியாகிவிடுகிறது. மைலேஜில் நம்பிச் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வேகத்தடைகளில் எண்டு டேங்கின் அடிப்பாகம் உரசாமல் இருக்கிறது. ஆனால் முன்பைவிடப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது.

செலவு: கோர், பென்டுகள், ஹோஸ், கிளாம்ப், வெல்டிங், கூலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பெரிய பங்கு கோருக்கு அல்ல, வெல்டிங் கூலிக்கும் தரமான ஹோஸ்களுக்கும்தான். அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

இதை முடித்த கையோடு ஈ.சி.யு. ரீமேப் செய்யச் சொல்லிப் பலர் வந்தார்கள். கூடுதல் டீசலை எரிக்கக் குளிர்ந்த காற்று இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சக்தி கூடினால் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாவற்றுக்கும் கேள்வி வரும். பதினைந்து வருடம் ஓடிய குடும்ப வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. இன்டர்கூலர் மட்டும் போட்ட வண்டி, தொழிற்சாலை வைத்த டீசல் அளவிலேயே, முன்பைவிடக் குறைந்த வெப்பத்தில் ஓடுகிறது. பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் அது நல்லது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. என்ஜின் எண், கொள்ளளவு, இருக்கைகள், நிறம் எதையும் இந்த வேலை தொடவில்லை. என்றாலும் வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் பம்பரைக் கழற்றிப் பார்க்கும்போது அது முதல்முறை தெரியவரும் செய்தியாக இருக்கக் கூடாது.

யாருக்கு இது பொருந்தும்? ஊட்டி, வால்பாறை, ஏற்காடு என்று ஆள் நிறைய ஏற்றி அடிக்கடி மலை ஏறுபவர்களுக்கு, வண்டியை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அங்கே உள்ளே போகும் காற்றின் ஒவ்வொரு டிகிரிக் குளிர்ச்சிக்கும் மதிப்பு உண்டு. நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள், வேகத்துக்காக ஆசைப்படுபவர்கள் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடலாம்.

போடுவது என்று முடிவெடுத்தால், கோர் வாங்கப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டர்போவின் இன்டேக் ஹோஸைக் கழற்றி, உள்ளே உள்ள சக்கரத்தை விரலால் மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் தெளிவாக ஆடினாலோ, வெளியேறும் பக்கத்தில் எண்ணெய் தேங்கியிருந்தாலோ, முதலில் டர்போவைச் சரிசெய்யுங்கள். கசியும் டர்போவோடு இன்டர்கூலர் பூட்டினால் எண்ணெய் கோரின் அடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் முழு மிதியில் அது மொத்தமாக என்ஜினுக்குள் போனால், எண்ணெயையே எரிபொருளாக எரித்து என்ஜின் கட்டுமீறி ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டர்போ நன்றாக இருந்தாலும், ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் கோரின் கீழ் ஹோஸைக் கழற்றி எண்ணெயை வடித்துவிடச் சொல்லுங்கள்.